கழலாத மவுத்பீஸ்

எங்கள் பேண்டு செட்டில் உருப்படியான டிரம்பெட் ஒன்றுதான். ஊதுகிறவர்கள் இரண்டு பேர், ஒரு அண்ணனும் நானும். ஊர்வலத்தில் ஆளுக்குப் பாதி. அவர் பெரிய பெரிய செட்டுகளில் ஊதிப் பேர் வாங்கியவர். நான் பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்டு, வாரம் முழுக்க முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். டிரம்பெட் செட்டு மாஸ்டருடையது, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் மட்டும் அவரவர் சொந்தம். ஒருவர் எச்சில் இன்னொருவர் வாயில் படக்கூடாது அல்லவா? கை மாறும்போது அவர் தன்னுடையதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், நான் என்னுடையதைச் சொருகுவேன். ஒருமுறை என் மவுத்பீஸைத் தெரியாமல் தொட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பொம்பளை எச்சில் என்றால் அவருக்கு அவ்வளவு ஆகாது.

ஒரு வாரம் ஒத்திகைக்குப் போனபோது அவருடைய மவுத்பீஸ் டிரம்பெட்டிலேயே இருந்தது. இழுத்தேன், திருகினேன், அசையவே இல்லை. பனியன் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிழித்து அதன் தண்டில் சுற்றி, உள்ளங்கையால் ஓங்கி அறைந்து இறக்கியிருக்கிறார். இந்த ஊரில் எது ஆடினாலும் அந்தத் துணியைத்தான் சுற்றுவோம், தண்ணீர்க் குழாய் ஆனாலும் சரி, கட்டில் கால் ஆனாலும் சரி. எச்சில் பட்டு ஊறி, உள்ளேயே பிடித்துக்கொண்டது.

“லூசா ஆடிட்டே இருந்துச்சு அம்மிணி. அதான் சுத்துனேன்” என்றார். முகத்தில் வருத்தம் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. வேண்டுமென்றே செய்தார் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாஸ்டர் பஞ்சாயத்துப் பேசினார். “ஞாயித்துக்கிழமை சாமளாபுரத்துல மாப்பிள்ளை அழைப்பு இருக்குது அம்மிணி. இந்த ஒருவாட்டி அவரே முழுசா ஊதட்டும். நீ ஜால்ரா புடிச்சுக்கோ. அடுத்தவாட்டி பாத்துக்கலாம்.”

அடுத்தவாட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஜால்ராவை ஒருநாள் வாங்கிக்கொண்டால் அப்புறம் அதுதான் என் இடம்.

“வேண்டாமுங்க மாஸ்டர். நானே கழட்டிக் கொண்டாறனுங்க” என்று டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிளையர் போட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அதனால் மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியின் அயர்னிங் செக்‌ஷனுக்கு எடுத்துப் போனேன். அங்கே தேய்க்கிற அக்கா, “ஸ்டீம் காட்டுனா வெண்ணையாட்டம் வந்துரும் கண்ணு” என்றார். கம்பெனியில் எந்தச் சுருக்கத்துக்கும் ஸ்டீம்தான் மருந்து. இதுவும் கேட்கும் என்று நானும் நம்பினேன். புஸ் புஸ்ஸென்று ஆவியை விட்டோம். உள்ளே இருந்தது காட்டன். ஆவியைக் குடித்து இன்னும் உப்பிப்போய்க் கல் மாதிரி இறுகிவிட்டது. பனியன் துணியை வைத்து வயிறு கழுவுகிற இரண்டு பேருக்கு இது தோன்றவில்லை பாருங்கள்! அக்கா சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாமளாபுரத்தில் கோயில் வாசலில் கார் அலங்காரத்தோடு நின்றது. மாப்பிள்ளை உள்ளே ஏறியாகிவிட்டது. டிரம்ஸ்காரர் உருட்ட ஆரம்பித்தார்.

“கழலலையா? செரி, அவருகிட்டக் குடுத்துரு” என்றார் மாஸ்டர். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் எப்படியும் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். கட்டிக்கொடுத்த பெண், அடுத்தவன் எச்சிலில் வாய் வைப்பாளா?

கோட்டுப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து அந்த மவுத்பீஸை அழுத்தித் துடைத்தேன். எல்லோரும் பார்க்க வாயில் வைத்தேன். அவர் மெல்லுகிற பாக்கு வாசம் குப்பென்று ஏறியது, குமட்டியது, அதை மறைக்கப்போவதில்லை. மூச்சை இழுத்து ஊதினேன்.

“அம்மிணி, என்ன காரியம் பண்ற!” என்று மாஸ்டர் பதறியது காதில் விழுந்தது. ஆனால் கார் நகர்ந்துவிட்டது, பையன்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நடுத்தெருவில் யார் என்னை நிறுத்துவது? என் வாய்க்கு அது பெரிய மவுத்பீஸ். உதடு எரிந்தது. இருந்தாலும் அன்றைக்கு ஊதியதைப் போல நான் அதற்கு முன்பு ஊதியதில்லை. என் வாசிப்பைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான், சொல்கிறேன்.

பாதி வழியில் கார் நின்றது. ஊதுவதை நிறுத்தி, டிரம்பெட்டை அண்ணன் முன்னால் நீட்டினேன். “ஏனுங்ணா, இனி உங்க பாதி. ஊதுங்க.”

அவர் மவுத்பீஸைப் பார்த்தார். அது என் எச்சிலில் நனைந்து பளபளத்தது.

“புடிங்ணா. உங்க மவுத்பீஸ்தானுங்களே?”

செட்டு மொத்தமும் அவரையே பார்த்தது. டிரம்ஸ்கூட நின்றுவிட்டது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மண்டபம் வரைக்கும் நானே ஊதினேன்.