கை நனைக்க விடாத அமலராணி

அன்னவாசல் பக்கம், ஒரு தனியார் கல்லூரிக்கு எதிரே இருக்கிறது அமலராணியின் மெஸ். பேர்ப்பலகை கிடையாது. பக்கத்து அரசுப் பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார். மத்தியானச் சோறு எனக்கு அங்கேதான். அதனால் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அமலராணிக்குச் சொந்த ஊர் ஆவூர். புருஷன் ஆரோக்கியதாஸ் காய்கறி வாங்கப் போவார், வருவார், வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து இந்த அம்மாள் பேசுவார்.

அந்தக் கல்லூரியில் ஒரே வெளிநாட்டைச் சேர்ந்த முப்பது நாற்பது பிள்ளைகள் தங்கள் அரசின் செலவில் விவசாயப் பொறியியல் படித்தார்கள். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகள் ஊர் திரும்ப வேண்டியவர்கள். விடுதிச் சாப்பாடு இறங்காமல் வாடிப்போயிருந்தவர்களுக்கு ஆக்கிப்போடும் காண்ட்ராக்ட் அமலராணிக்கு வந்தது. அவர்கள் ஊரில் மாவைக் கிண்டி உருட்டிச் சாப்பிடுவார்களாம். "இம்புட்டுத்தானா? களின்னு சொல்லிட்டுப் போங்கப்பா" என்று கேப்பை மாவைக் கிண்டி, கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினார்கள். அன்றிலிருந்து அவர்களால்தான் மெஸ் ஓடியது.

அவர்களில் ஒருத்தி சாரா. அவளுடைய கிராமத்தை அந்த நாட்டு அரசு ஓர் அணை கட்டி மூழ்கடித்துவிட்டது. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை அந்த அணையைப் பற்றியே செய்தாள். கல்லூரிக் கருத்தரங்கில் எழுந்து நின்று படிக்கவும் படித்தாள். சீக்கிரமே அவர்கள் தூதரகத்திலிருந்து தாளாளர் கண்ணுசாமிக்குப் போன் வந்தது. வைவாவுக்கு, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வுக்கு, முன்னால் சாரா கல்லூரியை விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் அத்தனை பிள்ளைகளையும் வேறு நாட்டுக்கு மாற்றிவிடுவார்கள். இனி ஒருவரையும் அனுப்ப மாட்டார்கள்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்துப் படிக்க அனுப்புகிறார்கள், சரி. காசு கொடுப்பதாலேயே இங்கே எதைப் படிக்கலாம், எதைப் பேசலாம் என்றும் அவர்களே சொல்வார்களென்றால் அதற்குப் பெயர் கல்லூரியா, வாடகைக் கட்டடமா? இன்றைக்கு அவர்களுடைய அணை. நாளைக்கு நம் பாடத்தில் எந்தப் பக்கத்தைக் கிழிப்பது என்று ஆள் அனுப்புவார்கள். ஒரு நாட்டின் படிப்பை மடக்கப் பட்டாளம் எதற்கு? பீஸ் கட்டுவதை நிறுத்துவோம் என்று சொன்னாலே போதும் போலிருக்கிறது.

கண்ணுசாமி கெட்டவர் இல்லை, பயந்தவர். சாராவை நீக்கினால் கோர்ட்டுக்குப் போவாள் என்பதால், அவளாகவே கிளம்பிப் போகட்டும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டை நிறுத்துவது.

ஒரு மத்தியானம் தூதரக அதிகாரியையும் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். சாரா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு பேசக் கூடாது என்று உத்தரவாம். மற்ற பிள்ளைகள் தள்ளிப்போய் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தார்கள்.

"அமலராணி, அந்தப் பொண்ணுக்கு இன்னையோட சாப்பாட்ட நிப்பாட்டிருங்க. காலேஜ் கணக்குல இனிமே அவ இல்ல" என்றார் கண்ணுசாமி.

"அப்ப என் கணக்குல இருந்துட்டுப் போகட்டுங்க."

"வெளையாடாதீங்க. அவளுக்குப் போட்டா காண்ட்ராக்ட் இருக்காது."

"காண்ட்ராக்ட்ட எடுத்துக்கங்க. அடுப்பு என்னோடது."

இந்தப் பேச்சு எதுவும் புரியாத அதிகாரி, குழம்பு வாசனை பிடித்துப்போய்ச் சிரித்த முகத்துடன் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டார். பரிமாறுகிற செவந்தியும் வழக்கம்போல இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அமலராணி விறுவிறுவென்று வந்தார். அதிகாரியின் முன்னால் இருந்த இலையை எடுத்துவிட்டார்.

குனிந்திருந்த பிள்ளைகள்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் பக்கம் கொலைக்குற்றத்துக்கு அடுத்தபடி. பில் கொடுக்காமல் ஓடியவனுக்குக்கூட மறுநாள் சோறு போட்ட அம்மாள் இது.

"ஒரு பிள்ளை சோத்த நிறுத்துன்னு சொல்ல வந்தவரு, என் எடத்துல கை நனைக்கக் கூடாது. அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

கண்ணுசாமி திருதிருவென்று விழித்துவிட்டு, சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிரே குண்டான் நிறையச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்தேன். கை நனைப்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை. அப்படியே சொன்னால் கை கழுவுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் உடைத்தே சொன்னேன்: "இங்கே சாப்பிட்டால் நீங்கள் இவர்களுக்கு வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். அதில் இந்த அம்மாளுக்கு விருப்பமில்லை."

அதிகாரியின் முகம் சிவந்தது. எழுந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார். கண்ணுசாமி பின்னாலேயே ஓடினார்.

சாரா அழுதுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, நான் போறேன். நான் போனா எல்லாரும் இருக்கும். உங்க மெஸ் இருக்கும்" என்றாள்.

"நீ போனா அடுத்து இன்னொருத்தியப் போகச் சொல்லுவாங்க. அவ போனா வாத்தியாரப் போகச் சொல்லுவாங்க. ஒக்காந்து சாப்புடு ஆத்தா, களி ஆறுது."

காண்ட்ராக்ட் அன்று சாயங்காலமே ரத்தானது. சாரா மட்டும் தினமும் ரோட்டைத் தாண்டி வந்து சாப்பிட்டாள். வைவாவை நிறுத்தக் கண்ணுசாமியால் முடியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து தேர்வாளர் வந்துவிட்டார். அன்று அமலராணி மெஸ்ஸைப் பூட்டிவிட்டு, தேர்வு நடந்த அறைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் எழுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. சாரா வெளியே வந்ததும் கேட்டார்: "அணையப் பத்திப் பேசுனியா?"

"எல்லாம் பேசினேன் அக்கா."

சாரா பாஸ். அடுத்த வாரமே மற்ற பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சொன்னதைச் செய்துவிட்டார்கள். கல்லூரியில் ஒரு மாடியே காலி. கண்ணுசாமி இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. மெஸ்ஸில் இப்போது நானும் சில பஸ் டிரைவர்களும்தான்.

நேற்றுக் கேட்டுவிட்டேன். "ஏங்க, இம்புட்டு நட்டமாயிருச்சே?"

அமலராணி என் இலையில் சோற்றை வைத்தார்.

"நட்டந்தான். யாரு இல்லேன்னது?" என்றார். "அதுக்காக?"