இரண்டு கிழவர்களும் ஓர் ஓடையும்

என் கணவருக்கு ஓய்வு பெற்றபின் பிடித்த விசரைப் பற்றி எழுதப்போகிறேன். மற்ற மனிதருக்கு ஓய்வூதியம் வந்ததும் கோயில், பூஞ்செடி, பத்திரிகை என்று ஏதோ ஒன்று பிடிக்கும். இவருக்கு ஓடை பிடித்தது. தலை நரைக்கும்வரை மின்சார வேலை பார்த்த மனிதர். கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வரை எந்த மலையில் எந்த ஓடை எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்லுவார். வீட்டில் சீனி முடிந்தது மட்டும் தெரியாது.

விசயம் இதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் ஓடைத் தண்ணீரை வைத்தே ஃபாக்டரிக்குக் கரண்ட் எடுத்தார்கள். பிறகு அரசாங்கத்தின் பெரிய கம்பி வந்தது. பழைய இயந்திரங்களைத் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். தொழிலாளர்கள் இருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கோ அந்தக் கரண்டும் இல்லை, இந்தக் கரண்டும் இல்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். "தண்ணி சும்மா விழுந்து சும்மா போகுது. அந்தச் சனம் இருட்டுக்குள்ள இருக்குது. இது என்ன நியாயம்?" என்று இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து என்னிடம் சண்டை பிடிப்பார். நானா அந்த ஓடையை மறித்தேன்?

முதல் இயந்திரத்தை, கண்டிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் செய்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு கொட்டிலையும் எரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் அறைக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்றியது. திரும்பி வந்தபோது வீட்டைப் பார்த்து அழாத மனிதர் அந்தக் கொட்டிலைப் பார்த்துக் குலுங்கி அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில், என் தாலிக்கொடி போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா என்று கேட்டே விட்டேன்.

அதன்பிறகு மகன் கனடாவுக்குப் போனான். மகளும் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "அம்மா, அங்க என்ன கிடக்குது? வாங்கோ ரெண்டு பேரும்." எனக்குப் போக விருப்பமில்லை. பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் நான் ஒரு மனுசியாக நிமிர்ந்து வாழ்ந்தது கண்டியில்தான். இங்கேதான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன், இங்கேதான் பிள்ளைகளைப் பெற்றேன். எரித்தாலும் இது என் ஊர். ஆனால் மகன் விடவில்லை. கடைசியில் இவர் ஒரு முடிவு சொன்னார்.

"இன்னுமொரு மெஷின் செய்து பாக்கிறன். ஆராவது கைகுடுத்து அது நிலைச்சுதெண்டால் இஞ்சையே இருப்பம். இல்லையெண்டால் பிள்ளையளிட்டைப் போவம்."

அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்காக என்னைப்போல் நேர்ந்துகொண்டவர்கள் யாரும் இருக்க முடியாது.

இவருக்கு வாய்த்த கூட்டாளி பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பர். இவர் அவரை நானா என்பார், அவர் இவரை ஐயா என்பார். அவருக்கும் வயது அறுபது. அவருக்கும் இதே விசர். தண்ணீர் வந்து அடித்துச் சுற்றுகிற சில்லுக்குக் கிண்ணம் கிண்ணமாகப் பித்தளை வேண்டும். குத்துவிளக்கு வார்க்கிறவர்களிடம் சொல்லி அங்கேயே வார்ப்பித்துக் கொண்டுவந்தார். என் சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பி வைத்துக்கொண்டு, "பாருங்க டீச்சர், என்னா மினுக்கம்! கலியாண ஊட்டுக்குக் கொண்டு போற சாமான் மாதிரி ஈக்கிது" என்று கண் விரிய நின்றார். கிழட்டு மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்கு என் வீட்டில் சோறும் தின்னவில்லை.

பிறகு தொடங்கியது காசு கேட்டுப் படியேற்றம். வங்கியில் என் மகன் வயதுப் பொடியன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயாவுக்கு வயசு என்ன?" என்றானாம். சொன்னதும், மகன் பேரில் வந்தால் யோசிக்கலாம் என்றானாம். கொழும்பில் ஒரு பெரிய கொம்பனிக்காரர் தேநீர் கொடுத்து, கேக் கொடுத்து, இந்த வயதில் ஓய்வாக இருங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணம் என்றதும் அங்கிருந்தவரின் முகம் மாறிவிட்டதாம். யாழ்ப்பாணத்தானுக்கு இந்த மலைகளின் வரைபடம் எதற்கு, ஓடை அளவு எதற்கு என்று கேள்வி. வரைபடத்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

"இனிமே மேப்ப நான் கொண்டு வாரேன். ஐயா வாயும் தொறக்க வாணாம், ஊரும் சொல்ல வாணாம்" என்றார் நானா.

"ஊரைச் சொல்லாமல் நான் ஆர் எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்றார் இவர். கெட்டிக்கார மனிதர். பிச்சைக்காரனைப்போல் படிக்குப் படி நிற்கிறாரே என்று சமையலறைக்குள் போய் அழுதேன்.

கடைசியில் கொழும்பிலிருந்த ஒரு வெளிநாட்டு உதவிக் கந்தோர் காது கொடுத்தது. ஓர் இடத்தில் செய்து காட்டுங்கள், அந்த இடத்துச் சனமும் பங்காளியாக இருந்தால் நாங்கள் பணம் தருகிறோம் என்றார்கள். கலஹாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை நடத்திய துரை அரை மனதோடு சம்மதித்தார். லயத்துச் சனம் முழு மனதோடு சம்மதித்தது. ஆணும் பெண்ணும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மேலிருந்து குழாய் இறக்கினார்கள். கீழே ஓடைக்கரையில் சிறிய கொட்டில் போட்டு இயந்திரத்தை வைத்தார்கள். ஒரு குடும்பம் இருக்கிற ஒற்றை அறைதான் காம்பிரா, ஒவ்வொரு காம்பிராவுக்கும் ஒரு பல்பு.

ஒரு குறை மட்டும் இருந்தது. தண்ணீர் ஒரே வேகத்தில்தான் வந்து விழும். எரிகிற விளக்கு குறைந்தால் இயந்திரம் வெறி பிடித்து ஓடும், மிஞ்சியிருக்கிற பல்புகள் வெடித்துவிடும். அதை அடக்குகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம். அது வாங்கத்தான் அந்தப் பணம். அதுவரைக்கும் ஒரே ஒரு சட்டம்: முதலில் மேலே போய்த் தண்ணீரை மூட வேண்டும், பிறகுதான் விளக்கை அணைக்கலாம். மேலே இருந்த வால்வுக்கு, லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவரைப் பொறுப்பாக விட்டார்கள். அமைதியான மனிதர். என் கணவர் அவருக்குப் பாடம் எடுத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இடி விழுந்தாலும் சரி, ஆர் வந்து என்ன சொன்னாலும் சரி. லைட்டை அணைக்கிற கதை வந்தால் நீர் நிக்கக்கூடாது. மேல ஓடிப்போய் முதல்ல தண்ணியை மூட வேணும். விளங்கிச்சுதோ?"

"வெளங்குச்சுங்கய்யா."

"எங்க, திருப்பிச் சொல்லும்."

அவர் திருப்பிச் சொன்னார். இவருக்குப் போதவில்லை, ஓடியும் காட்டச் சொன்னார். பாவம், அவர் ஓடியும் காட்டினார்.

கந்தோரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் ஒரு கொழும்பு ஐயாவும் பார்க்க வந்தது ஒரு மாலைநேரம். பொழுது படுகிற வேளையில் இவர் இயந்திரத்தை ஓட விட்டார். லயம் முழுக்க விளக்கு எரிந்தது. பெண்கள் கத்திவிட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்தாள். வெள்ளைக்காரப் பெண்மணி ஒவ்வொரு காம்பிராவாகப் புகுந்து பார்த்துவிட்டு வந்து இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். கொழும்பு ஐயா, "இனி யோசிக்க ஒன்றுமில்லை" என்றார். அப்பாடா, இனி நான் எங்கேயும் போகவேண்டியதில்லை என்று என் நெஞ்சு நிறைந்தது. எரிந்துபோன அலுமாரிக்குப் பதிலாக ஒன்று வாங்க வேண்டும் என்றுகூட யோசித்தேன். அவ்வளவு பேராசை.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஃபாக்டரி இருண்டது. எதிர் மலை இருண்டது. கீழே கடைத்தெருவும் இருண்டது. புலிகள் எங்கோ டிரான்ஸ்ஃபோமரை அடித்துவிட்டார்கள் என்று யாரோ ரேடியோவில் கேட்டதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கரண்ட் போனால் முதலில் வருகிற கதை அதுதான். நாங்கள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. நானா குழந்தைப்பிள்ளைபோல் கை தட்டினார். "பாருங்க, முழு நாடும் இருட்டு, நம்மட லயம் மட்டும் வெளிச்சம்! அல்லாஹ் நமக்குன்டே காட்டித் தாரான்!" என் கணவரும் சிரித்தார். வெள்ளைக்காரப் பெண்மணியைக் கூட்டிக்கொண்டு போய் இருண்ட மலையைக் கைநீட்டிக் காட்டினார்.

அந்த வெளிச்சம் எங்களுக்கு மட்டுமா தெரிந்தது? கீழ் ரோட்டால் போன ஆமி டிரக் ஒன்று மேலே ஏறி வந்தது. குதித்தவர்களும் பொடியன்கள்தான், பயந்து போயிருந்தார்கள். "லைட் ஓஃப் கரன்ன! ஓஃப் கரன்ன!" என்று கத்தினார்கள். சனம் நடுங்கிப்போய் ஓரத்துக் காம்பிராவிலிருந்து ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியது. "பொறுங்கோ! பொறுங்கோ! முதல்ல தண்ணி!" என்று என் கணவர் தமிழில் கத்தினார். சிங்களம் தண்ணீராய்ப் பேசுகிற மனிதருக்கு அந்த நேரம் ஒரு சிங்களச் சொல்லும் வரவில்லை.

மிச்ச பல்புகள் வெடித்தன. பட், பட், பட் என்று லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை வெடித்தன. ஆமிக்காரர்கள் நிலத்தில் விழுந்து படுத்துத் துவக்கை நீட்டினார்கள். பிள்ளைகள் அலறினார்கள். அந்த இருட்டில் ஒரே ஒருவர் மட்டும் எழுந்து மலைமேலே ஓடினார்.

யார் என்று சொல்லவும் வேண்டுமா? சொல்லிக் கொடுத்தபடியே ஓடினார். டோர்ச் வெளிச்சம் அவருக்குப் பின்னால் ஏறியது. என் கணவர் "அவரை விடுங்கோ, அவர் தண்ணி மூடப் போறார்!" என்று கத்தியபடி பின்னால் போகப் பார்த்தார். துவக்குப் பிடியால் நெஞ்சில் தள்ளி இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். முகத்தில் இரத்தம்.

வெள்ளைக்காரப் பெண்மணியை மரியாதையாக வாகனத்தில் ஏற்றி அனுப்பினார்கள். இவரையும் நானாவையும் பொலிசில் வைத்திருந்து, கொழும்பு ஐயா போன் எடுத்துச் சொன்னபிறகு விடிந்ததும் விட்டார்கள். ஓடிய மனிதரை விடவில்லை. கரண்ட் போன நேரத்தில் வெளிச்சம் காட்டியது ஏன், வெடித்தது என்ன, ஓடியது ஏன்? அவசரகாலச் சட்டத்துக்கு இவ்வளவும் போதுமாக இருந்தது. கொட்டிலிலிருந்த இயந்திரத்தையும் வயர்களையும் சாட்சி என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். நிலைமை சீரானதும் மீண்டும் பேசுவோம் என்று உதவிக் கந்தோர் எழுதியது. துரை குழாய்களைக் கழற்றி எறியச் சொன்னார்.

காசு கேட்டு ஏறிய படிகளில் இப்போது இவர் ஒரு மனிதனைக் கேட்டு ஏறினார். நானாவும் கூடவே போனார், குடும்பத்தில் எல்லோரும் ஏசியும் போனார். தண்ணீரை ஏன் முதலில் மூட வேண்டும் என்று ஒவ்வொரு பெரியவருக்கும் படம் கீறி விளக்கினார்கள். விளக்க விளக்கச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "இவ்வளவு தெரிஞ்ச நீங்க, ஏன் அந்த ஆளை ஓடச் சொன்னீங்க?" என்று ஒருவர் கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. ஓடச் சொன்னது நான்தானே, நான்தானே என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது உண்மைதானே.

நான் அரிசியும் மாவும் கட்டிக்கொண்டு கலஹா பஸ்ஸில் போவேன். அந்த மனிதரின் மனைவி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாங்கம்மா, ஒக்காருங்க" என்று பலகையைத் துடைத்துப் போடுவாள். திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். காம்பிராவில் குப்பி விளக்கு எரியும். கூரையிலிருந்து அறுந்த வயர் தொங்கும்.

கனடா விசா வந்தது. "அந்தாள் வெளியில வராமல் நான் பிளேன் ஏறமாட்டன்" என்றார் இவர். மகன் போனில் கத்தினான். விசா காலாவதியானது. மறுபடி எழுதிப் போட்டு எடுத்தான். ஒரு வருடத்துக்கு மேலாகி, குற்றம் ஒன்றுமில்லை என்று அந்த மனிதரை விட்டார்கள். குற்றமில்லையாம்! அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இவ்வளவு நாள்.

விட்ட கிழமையே மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாதியாக மெலிந்திருந்தார். ஒரு கை சரியாக மடங்கவில்லை. கதிரையில் இருக்க மாட்டேன் என்றார், நான் பிடித்து இருத்தினேன். என் கணவர் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும், அடிக்கட்டும், எல்லாவற்றுக்கும் நாங்கள் தயாராக இருந்தோம்.

"ஐயா, நான் பாதிதாங்க மூடுனேன்" என்றார் அந்த மனிதர். "அதுக்குள்ள புடிச்சி இழுத்துட்டாங்க. முழுசா மூடியிருந்தா ஒங்க மெஷினு போயிருக்காதுங்களே. உள்ள இருந்தப்ப பூரா இதத்தாங்க நெனச்சிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிக்கிடுங்கய்யா."

என் கணவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஐயாவுக்கு உடம்புக்குச் சரியில்லையா என்று அவர் கேட்டார், ஓம் என்றேன். இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று இரண்டு பேரும் புறப்பட்டுப் போனார்கள்.

பிறகுதான் கதவு திறந்தது.

"இஞ்சேரும்," என்றார். "பிள்ளையளுக்குப் போன் எடும். வாறம் எண்டு சொல்லும்."

போக விருப்பமில்லாத நான்தான் எடுத்தேன்.