காலியாக இருந்த எட்டாவது இடம்

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணி. திருவெறும்பூரில் ஒரு குடியிருப்பின் சமுதாயக்கூடம். சதுர நடனத்துக்கு வந்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஏழு பேர்; தேவை எட்டு. அந்தக் கூடத்துக்குள் நான் சென்றது அதுவே முதல் முறை. என் மனைவி காலமாகி நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன.

சதுர நடனம் மேலைநாட்டுக் கிராம ஆட்டம். நான்கு இணைகள் சதுரமாக நிற்க, ஒருவர் மைக்கில் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருப்பார். வெளிநாட்டில் கற்று வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இதை இங்கே தொடங்கியிருந்தார். ஓராண்டுக்கும் மேலாக, ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து என் மனைவியைக் காரில் அழைத்துச் செல்வேன். அவள் உள்ளே ஆடுவாள். நான் காரில் அமர்ந்து படிப்பேன். "ஒரு நாளைக்கு உள்ளே வாங்கோளேன்" என்பாள். பேராசிரியராக இருந்தவன் நாலு பேர் பார்க்க ஆடுவதா என்ற தயக்கம் எனக்கு. அவள் போனபின், ஓர் ஆட்டத்தையாவது அங்கே முழுமையாக ஆடிவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் எண்ணம்.

பொறியாளரின் மனைவி எட்டாவது ஆளாக என்னுடன் இணை சேர்ந்தார். இணைக்கு வலக்கை, எதிரே வருபவருக்கு இடக்கை, அவருக்கு அடுத்தவருக்கு மீண்டும் வலக்கை என்று சங்கிலிபோல் கைமாற்றிச் சுற்றி வரவேண்டும். முன்பின் அறியாத ஒரு பெண்மணி கையை நீட்டியபடி வந்தார். நான் என்னையறியாமல் இரு கைகளையும் கூப்பிவிட்டேன். சங்கிலி அறுந்தது.

"சார், கும்பிட்டது போதும், கையக் குடுங்க. பின்னாடி டிராஃபிக் ஜாம் ஆயிடுச்சு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறு சுற்றில் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பிறகு, அன்று மாலை வரை என் கையை எவரும் தொட்டிருக்கவில்லை.

அந்த ஆட்டம் முடிவதற்குள், முழங்கால் வலி என்று என் இணை உட்கார்ந்துவிட்டார். நானும் விலகப் பார்த்தேன்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? ஆளு இல்லாட்டி என்ன, இடம் இருக்குல்ல. ஆளு நிக்கிற மாதிரியே நெனச்சு ஆடுங்க" என்றார் பொறியாளர். ஆள் குறைந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, அங்கே ஒருவர் இருப்பதாகவே கைநீட்டி ஆடுவது வழக்கமாம்.

என்னைக் கேலி செய்த பெண்மணியின் குரல் தணிந்தது. "உங்க மேடமும் அப்படித்தான் சார் ஆடுவாங்க. வேற ஆளு சேத்துவிடவான்னு கேட்டா வேணாம்பாங்க. 'என் ஆள் வெளியில கார்ல இருக்கார், இது அவர் இடம்'னு சொல்லிச் சிரிப்பாங்க."

இசை தொடங்கியது. "இணைக்கு வலக்கை" என்றார் பொறியாளர். என் கை எழவில்லை. மீண்டும் சொன்னார். ஆறு பேரும் காத்து நின்றார்கள். அவர் மூன்றாம் முறை சொல்லாமல் இசையை நிறுத்தினார். "பரவாயில்ல சார், செத்த உக்காருங்க" என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

நான் இல்லாத இடத்தை நோக்கி ஓராண்டுக்கும் மேல் அவள் சிரித்தபடி கை நீட்டியிருக்கிறாள். அவள் இல்லாத இடத்தை நோக்கி ஒரே ஒரு முறை நீட்ட என்னால் இயலவில்லை என்பதைத் தவிர, அந்த மாலையிலிருந்து நான் வேறெதையும் இன்றுவரை கற்கவில்லை.

இன்னும் செய்யாதவை:

பாதியில் நின்றுபோன ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்பது.

நாற்காலி தந்தவர் யார் என்று விசாரிப்பது.

சனிக்கிழமைதோறும் அவள் கைப்பேசிக்கு வரும் "நாளைக்கு யாரெல்லாம் வர்றீங்க?" என்ற செய்திக்குப் பதில் எழுதுவது.