ஒற்றைப்படை அத்தியாயங்கள்

பாலாம்பாளிடம் புத்தக சிபாரிசு கேட்டால் தொலைந்தீர்கள். "படிக்க நல்லதா ஒண்ணு சொல்லுங்க மாமி" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், "மொதல்ல ஒனக்கு என்ன கஷ்டம், அதைச் சொல்லு" என்று நாடி பிடிக்க ஆரம்பித்துவிடுவாள். நாத்தனாரோடு பேச்சுவார்த்தை இல்லையா, வேற்றுக் கிரகத்துக்காரர்கள் வாடகைக்குக் குடிவரும் நாவல் ஒன்று. பிள்ளை அமெரிக்காவிலேயே தங்கிவிட்டானா, போன கப்பல் திரும்பாத கதை ஒன்று. எல்லாம் அறிவியல் புனைகதைதான். மற்றதையெல்லாம் அவள் புத்தகம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

எனக்கு இந்த ராக்கெட், ரோபோ சமாசாரமெல்லாம் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் தலையெழுத்து, அவளும் நானும் இந்த மராத்தி ஊரில், கேம்ப் வட்டாரத்தில் ஒரே அரசாங்க அலுவலகத்தில் ஒரே செக்‌ஷனில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் வீடு நிக்டியில். காலையில் போகும்போதும் சாயங்காலம் வரும்போதும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட்டு. பிம்ப்ரி தாண்டுவதற்குள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்விடுவாள். இருபது வருஷமாக நானும் கூடவே போய் வந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்டியில் எங்கள் தமிழ் வாசகர் வட்டம் கூடும். யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். அவரவருக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். பாலாவின் முறை வந்தால் "வந்துட்டாங்கய்யா விண்வெளி மாமி" என்று ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள். நாலைந்து நாவல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் எப்போதும் அதே இடத்தில் வந்து நிற்பாள்.

"இதெல்லாம் இருக்கட்டும். எல்லாத்தையும் விட ஒசத்தி, 'வளையத்தில் ஒரு விளக்கு.'"

அது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. எழுதியவர் ஏதோ புனைபெயரில் எழுதினார். அதற்கப்புறம் அவர் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. புத்தகமாகவும் வரவில்லை. பத்திரிகையே நின்று போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சனிக்கிரகத்தின் வளையத்தில் வாசுகி என்று ஒருத்தி தனியாக இருக்கிறாள். போகிற வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வருஷக்கணக்கில் ஒரு கப்பலும் வரவில்லை. அவள் மட்டும் விளக்கை அணைக்கவில்லை. ஒருநாள் வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள். வெளியே காற்று கிடையாது, மனிதர் இருக்க வழியில்லை. ஆனால் கேட்கிற குரல் அவள் பூமியில் விட்டுவிட்டு வந்த தங்கையின் குரல். "அக்கா, குளிருது" என்கிறது. வாசுகி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். இருபத்து மூன்றாவது அத்தியாயம் அங்கே முடிகிறது. அடுத்த வாரம் முற்றும் என்று போட்டிருந்ததாம்.

திறந்தாளா இல்லையா? அதுதான் பாலாவுக்குத் தெரியாது. அந்த இருபத்து நாலாவது அத்தியாயத்தை அவள் படிக்கவே இல்லை.

அப்போது அவள் குடும்பம் கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தது. அப்பா அங்கே கிளார்க். பக்கத்து வீட்டு லூர்துசாமி மெஷின் ஷாப்பில் வேலை. அவர் மகள் அமலாவும் பாலாவும் ஒரே வகுப்பு. தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண்கள் அந்த வரிசையிலேயே இவர்கள் இரண்டு பேர்தான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பத்திரிகை. அதற்காக அவர்களுக்குள் ஒரு சட்டம். ஒற்றைப்படை வாரம் அமலா முதலில் படிப்பாள், பிறகு பாலா படித்துவிட்டு அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தானே வைத்துக்கொள்வாள். இரட்டைப்படை வாரம் பாலா முதலில், அமலா பிறகு, பக்கங்கள் அமலாவுக்கு. முதலில் படித்தவள் மற்றவள் படித்து முடிக்கும்வரை கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சொல்லிவிட்டால் பேச்சு கிடையாது, காய்தான்.

கேட்கும்போதே எனக்கு எரிச்சலாக வந்தது. "அறிவுகெட்டதுகளா, முழுக்கதையையும் ஒருத்தி வச்சிருந்தா என்ன?" என்றேன்.

"அப்போ இன்னொருத்தி எதுக்கு என்னைத் தேடி வருவா?" என்றாள் பாலா.

இருபத்து மூன்றாவது வாரம் முடிந்ததும் லூர்துசாமிக்கு ஆவடிக்கு மாற்றல் வந்துவிட்டது. சாமான் கட்டி, லாரி ஏற்றி, குடும்பம் கிளம்பிவிட்டது. அவர்கள் ரயில் போன பிறகு பிடித்துக்கொண்ட மழையில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய், மதராஸிலிருந்து பத்திரிகைக் கட்டு வரவில்லை. அடுத்த வாரம் புதுத் தொடர்கதை ஆரம்பமாகிவிட்டது. சில மாதங்களில் பாலாவின் அப்பா நிக்டியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு குடிவந்தார். அமலாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பாலாவிடம் இருப்பது பன்னிரண்டு ஒற்றைப்படை அத்தியாயங்கள், கேம்பில் ஒரு பைண்டரிடம் கொடுத்து அட்டை போட்டது. அதைத்தான் ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தாள். பாதிப் புத்தகத்தை யார் படிப்பார்கள்? வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு அடுத்ததற்கு இவளுக்கு போன் செய்ய வேண்டும். இவள் வாயாலேயே சொல்லுவாள், வரிக்கு வரி. அப்புறம் அவர்கள் மூன்றாவதைப் படிக்கலாம். நாலாவதற்குள் பெரும்பாலானவர்கள் ஓடிவிடுவார்கள். நான் எங்கே ஓடுவது? பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு என்னுடையது. ஒருமுறை முன்சீட்டில் இருந்த மராத்திக்கார அம்மாளுக்காக ஹிந்தியிலேயே முழுக்கச் சொன்னாள். தாழ்ப்பாளில் கை வைத்த இடத்தில் நிறுத்தியதும் அந்த அம்மாள் திரும்பி, "மக காய் ஜாலா?" என்றாள். அப்புறம் என்ன ஆச்சு என்று. பாலா உதட்டைப் பிதுக்கினாள். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட அந்த அம்மாள் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

"எதுக்குடி இந்த அவஸ்தை? முடிவே தெரியாத கதையைப் போய் சிபாரிசு பண்ணுவாங்களா யாராவது?" என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"ஊர்ல ஒருத்தியாவது அதைப் படிச்சிருக்க மாட்டாளா ரஞ்சி? 'அடடே, அதுவா, கடைசில இப்படி ஆச்சே'ன்னு ஒருத்தி சொல்ல மாட்டாளா? அதுக்குத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்."

"அமலாவுக்குத் தெரியுமே."

அவள் முகம் மாறிவிட்டது. "தெரியாம என்ன. ஆவடியில பத்திரிகை கிடைக்காதா? படிச்சிருப்பா. முடிவைத் தெரிஞ்சு வச்சுண்டு எங்கேயோ சௌக்கியமா இருக்கா. ஒரு கார்டு போட்டு, திறந்தாடி, இல்ல திறக்கலடின்னு ஒரு வரி எழுதத் தோணித்தா அவளுக்கு?"

அத்தனை வயசுக்கு மேலும் அவளுக்கு அமலா மேல் அந்தக் கோபம் இருந்தது. கோபம் என்று அவள் சொல்லிக்கொண்டாள். வாசலில் யாராவது தமிழில் பேசும் சத்தம் கேட்டால் ஃபைலிலிருந்து சட்டென்று தலை நிமிர்ந்து பார்ப்பாள். அதற்குப் பெயர் கோபம் இல்லை என்பது பக்கத்து மேஜைக்காரியான எனக்குத் தெரியாதா?

போன மழைக்காலத்தில் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில், அவரவருக்குப் பிடித்த அறிவியல் நாவல்களை எழுதச் சொன்னார்கள். பாலாவுக்குத் தமிழில் டைப் அடிக்க வராது. சாயங்கால பஸ்ஸில் அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மற்ற நாவல்களுக்கு இரண்டிரண்டு வரிதான். 'வளையத்தில் ஒரு விளக்கு' மட்டும் முழங்கை நீளத்துக்குப் போயிற்று. "அறிவியல் கதையில ராக்கெட் பெரிசில்ல, கதவு தட்டற சத்தம்தான் பெரிசுன்னு எழுது" என்றாள். எழுதினேன். "கடைசி அத்தியாயம் யாரிடமாவது இருந்தால் சொல்லவும், ஒற்றைப்படை அத்தியாயங்கள் என்னிடம் உள்ளன" என்று போட்டு, அவள் நம்பரையும் சேர்த்தேன். அரசாங்க வேலையில் இருக்கிறவள் இப்படியா நம்பரை ஊருக்குக் கொடுப்பது என்று திட்டிக்கொண்டேதான் சேர்த்தேன்.

அது எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போயிற்றோ, பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம் பாலாவுக்கு ஒரு போன் வந்தது. மத்தியானம், சாப்பாட்டு நேரம். அவள் கையில் சாதம், அதனால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம்மா, என் பேரு கீர்த்தி. ஆவடியிலிருந்து பேசறேன். 'வளையத்தில் ஒரு விளக்கு'ன்னு ஒரு மெசேஜ் பாத்தேன். நீங்க கட்கி பாலாவா?"

பாலா தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்று நான் சொன்னேன்.

"நான் அமலாவோட பொண்ணும்மா. இரட்டைப்படை எல்லாம் எங்க வீட்லதான் இருக்கு. ஒற்றைப்படை எங்கன்னு கேட்டா அம்மா வாயாலயே சொல்லுவாங்க. எனக்குச் சோறு ஊட்டினதே அந்தக் கதையச் சொல்லித்தான்."

"அவகிட்ட குடு. போனை அவகிட்ட குடும்மா" என்றாள் பாலா. எச்சில் கையோடு எழுந்தே விட்டாள்.

"அம்மா தவறிட்டாங்கம்மா. ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாவது வாரம்."

பாலா உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாதமெல்லாம் என் புடவையில் ஒட்டியது. அவளுக்கு அழக்கூடத் தெரியவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நான் எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

"முடிவு என்னன்னு சொன்னாளா அவ?"

"அம்மாவுக்குத் தெரியாதேம்மா" என்றாள் கீர்த்தி. "ஆவடிக்கு வந்த அன்னிக்கு தாத்தா ஸ்டேஷன்லயே அந்த பத்திரிகைய வாங்கிக் குடுத்தாராம். அது இரட்டைப்படை வாரமாம், நீங்கதான் மொதல்ல படிக்கணுமாம். ஆசை தாங்காம பிரிச்சிடுவோமோன்னு பயந்து, சுத்தி நூல் போட்டு தச்சு வச்சிட்டாங்க. குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் உங்களுக்கு லெட்டர் போட்டாங்களாம், அதுக்குள்ள நீங்க வீடு மாறிட்டீங்க போல, ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சாம். ஆஸ்பத்திரில இருந்தப்போ, நான் பிரிச்சுப் படிச்சுக் காட்டட்டுமாம்மான்னு கேட்டேன். வேணாம், பாலா முறை, அவ படிச்சிட்டுத் தருவான்னுட்டாங்க."

அப்போதுதான் பாலா அழுதாள். செக்‌ஷன் மொத்தமும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். "நான் என்னெல்லாம் நெனைச்சேன்டி அவளைப் பத்தி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கீர்த்தி நல்ல பெண், போனை வைக்காமல் காத்திருந்தாள். "எல்லாத்தையும் உங்களுக்கே அனுப்பிடறேம்மா, தச்சதை நாங்க யாரும் பிரிக்கல" என்றாள்.

கூரியர் எங்கள் அலுவலக விலாசத்துக்கே வந்தது. இரட்டைப்படை அத்தியாயங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருந்தன. கடைசிப் பத்திரிகை மட்டும் கிழிக்காமல் முழுசாக, மூன்று பக்கமும் வெள்ளை நூலால் தைத்து இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண் போட்ட தையல், கோணல்மாணலாக. காகிதம் பழுத்து, நூலும் பழுத்து ஒரே நிறமாகியிருந்தது. பாலா அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பிரிடி" என்றேன். எனக்கும்தானே தெரிய வேண்டும்? ராக்கெட் பிடிக்காதுதான். ஆனால் இருபது வருஷமாக அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறவர்களில் நானும் ஒருத்தி.

அவள் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். நிதானமாகப் பக்கத்தைத் தேடி எடுத்து, மேஜை மேல் விரித்து வைத்துப் படித்தாள். நான் எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டாள். சின்னப் பெண்கள் பரீட்சையில் மறைப்பது மாதிரி. நாலு பக்கம்தான். என் டப்பா திறக்கப்படாமல் கிடந்தது. படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"என்ன ஆச்சு? திறந்தாளா?"

அவள் மேஜை டிராயரைத் திறந்து, ஃபைல் தைக்கிற ஊசியும் நூலும் எடுத்தாள். பத்திரிகையை மூடினாள். அமலா போட்ட அதே ஓட்டைகளில் ஊசியை விட்டுத் தைக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, என்ன பண்றே? இத்தனை வருஷம் காதைத் தின்னியே, முடிவைச் சொல்லுடி."

"சொல்லப்படாது ரஞ்சி" என்றாள் பாலா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அமலா இன்னும் படிக்கல்லையே."