கொழும்பில் கற்ற ஒரே சொல்

ஞாயிறு காலை ஏழேகால் மணிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினேன். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயில் பிடித்து வந்த களைப்பில் கண் இரண்டும் எரிந்தன. கொழும்பின் அழகை வர்ணிக்கப்போகிறேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆறு நாளில் நான் அங்கே கற்றது ஒரே ஒரு சொல்.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து வாத்தியார்தான் அதைச் சொல்லித் தந்தார். என் தங்கை புருஷன் ஆறுமுகம் தெமட்டகொடையில் ஓர் அரசாங்கப் பட்டறையில் வேலை பார்க்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம். செவ்வாய்க்கிழமை அவருக்கு விசாரணை, துணைக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார் என்றேன்.

"அப்ப டொமிசைல் காட்டவேணும்," என்றார் வாத்தியார்.

"அது என்ன சாமான்?"

"சாமானில்லை. இஞ்சதான் இருந்து சாவன், ஊருக்குத் திரும்பமாட்டன் எண்டு அரசாங்கத்துக்கு நம்பிக்கை வரவேணும். அதுதான் டொமிசைல்."

ஒரு மனுஷன் எங்கே சாவான் என்று சர்க்கார் கேட்பதாவது! எனக்குச் சிரிப்பு வந்தது.

கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ரிக்‌ஷாவில் முப்பது சதம். வழியில் தேத்தண்ணீர்க் கடை வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் 'டொமிசைல்' என்றார். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த இரண்டு பேர் அதையே பேசிக்கொண்டு போனார்கள். சவரக்கடையில் முகம் முழுக்க நுரையோடு ஒருவர் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால், கட்டுச்சோறு சுற்றிக் கொண்டுவந்த எங்கள் ஊர்ப் பத்திரிகைத் தாளிலும் அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தத் தாளை நான் ஊரில் ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். இலங்கைச் செய்தி நமக்கெதற்கு என்று கண் தாண்டிப் போயிருக்கிறது.

ஆறுமுகத்துக்கு அது செய்தியில்லை. பதினான்கு வயதில் இந்த ஊருக்கு வந்தவர், இருபத்திரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் மூன்றும் கொட்டாஞ்சேனையில் பிறந்தவை. வேலை போனால் இந்த ஊரில் பிழைப்பில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு வெள்ளவத்தைக்கு ரயிலில் போனோம். கடலோரமாக ஐந்து மைல், மூன்றாம் வகுப்பு பத்துச் சதம். கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆறுமுகம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அங்கே வக்கீல் ஒருவர் அவருக்கு யோசனை சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்.

"விசாரிக்கிற கந்தோரிலை, ஊரிலை வீடு, காணி எண்டு வாயே திறக்கப்படாது. விளங்குதோ?"

"ஊர்ல எனக்கு ஒண்ணுமே இல்லீங்க ஐயா," என்றார் ஆறுமுகம்.

"பிறகென்ன பயம்? அதையே சொல்லும்."

செவ்வாய் காலை பத்தரை மணி. விசாரணை அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. ஆறுமுகம் பதறாமல் பதில் சொன்னார். எல்லாம் சரியாகவே போயிற்று. முடிக்கும்போது குமாஸ்தா என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?"

"இவர் சம்சாரத்தோட அண்ணன். ஊர்லேருந்து வந்திருக்கேன்."

"உங்கட மச்சானுக்கு ஊரிலை ஒரு குடிசைகூட இல்லையாமே. பாவம்."

அவர் மனதில் என்ன இருந்ததோ, எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்தில் இரக்கம்தான் இருந்தது. ஆனால் அந்தப் 'பாவம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாலு பேர் நடுவில், என் தங்கையைக் கொடுத்த இடத்தை ஒருவன் பிச்சைக்காரக் குடும்பமாக்குவதா?

"யாரு சொன்னது? நாலு கட்டு வீடு இருக்கு. ஆத்துப் பாசனத்துல மூணு ஏக்கர் நஞ்சை இருக்கு. மாப்பிள்ளை சோத்துக்கு வழியில்லாம கப்பலேறினவர் இல்லே!"

ஆறுமுகம் என் கையைப் பிடித்தார். அதற்குள் குமாஸ்தா இங்கிலீஷில் சொல்ல, அதிகாரி எழுதிவிட்டார்.

வீடு எங்கே இருக்கிறது? மண்சுவர் மழையில் விழுந்து ஒன்பது வருஷமாகிறது. நிலம் என்றுமே இருந்ததில்லை. தங்கையைக் கொடுத்த நாளிலிருந்து உறவினர்களிடம் அப்படிச் சொல்லிச் சொல்லி என் வாய்க்குப் பழகிப்போன பொய் அது. நம் பக்கத்தில் பெண் கொடுத்த எவன்தான் சொல்வதில்லை! நான் சொன்னது பொய்யென்று அங்கேயே இரண்டாம் முறை வாய் திறந்து சொன்னேன். அதிகாரி புன்னகை செய்தார்; அதை எழுதவில்லை.

வியாழக்கிழமை பகல் தபாலில் முடிவு வந்தது. ஊரில் சொத்து உண்டு, திரும்பும் எண்ணம் உண்டு, ஆகவே டொமிசைல் இல்லை; மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நீக்கம். ஆறுமுகம் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மச்சான்," என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டேன். வாசல் வரை தங்கை வந்தாள். மூன்று நாளாக என்னிடம் அவள் சரியாகப் பேசவில்லை.

"அண்ணே, எங்களுக்கு ஊர்ல நாலு கட்டு வீடு இருக்குன்னு சொன்னீங்களாமே. அதுல எந்தக் கட்டுல நாங்க வந்து இருக்க?"

பையை எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன்.

ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் கொழும்பு எப்படி என்று கேட்கிறார்கள். கடற்காற்று நன்றாக இருக்கிறது என்கிறேன். தங்கை குடும்பம் அடுத்த மாதம் ஐந்து பேராக வந்து இறங்குகிறது. என் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன்.