தடத்தில் தோண்டி எடுத்த கல்மரம்

பெரியப்பா மகன் எங்கள் வண்டித்தடத்தை மறித்துக் கம்பிவேலி போட்டுவிட்ட செய்தி வந்தபோது, நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கோபி பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போக அந்தத் தடம் ஒன்றுதான் நேர்வழி. எல்லைக்கு அடையாளமாக நின்ற வேலாமரத்தை வெட்டி முப்பது வருடமாகிவிட்டது. அது நின்ற இடம் யாருக்கும் சரியாக நினைவில்லை. வேலி போட்ட அந்த அண்ணன் எங்கள் பக்கத்தில் தோண்டி ஒரு கல்லை எடுத்து, "அந்த மரத்தோட அடிக்கட்டைங்க, மண்ணுக்குள்ள கல்லாயிருச்சு" என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருந்தார். அப்படியானால் எல்லை அங்கே வந்துவிடும், தடம் முழுக்க அவருடையது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கல்மரம்தான், வளையங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. எங்கோ விலைக்கு வாங்கிப் புதைத்திருக்கிறார். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றே சொன்னால் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நழுவிவிடுவார். எனக்கு அது போதாது. எல்லையை அளக்கச் சர்வேயர் வரும் நாளில், பங்காளிகள் எல்லோர் முன்னாலும் அந்த ஆளின் மூக்கு அறுபட வேண்டும். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மாடு கறக்க அம்மா தினமும் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போய்வந்தாள். அண்ணன் கல்லுக்கு மஞ்சள் பூசி மாலை போட்டதாகக் கேள்விப்பட்டு எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

சர்வேயர் வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்ணா, நாம ஊஞ்சல் கட்டி ஆடுன மரந்தானுங்களே இது?"

"இதேதான் தம்பி" என்று கல்லைத் தட்டிக் காட்டினார்.

மரம் கல்லாக வேண்டுமென்றால் முதலில் சேற்றிலோ மணலிலோ காற்றுப் படாமல் புதைய வேண்டும், அப்போதுதான் மக்காது என்றேன். பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா தண்ணீரோடு வந்து ஒவ்வொரு நுண்ணறையிலும் படிந்து இறுக வேண்டும். "அதுக்கு லட்சக்கணக்கான வருசம் ஆகுமுங்க. இது மரமா நின்னப்ப ஊஞ்சல் கட்ட மனுசனே பொறக்கலீங்களே."

சர்வேயர் சிரித்துவிட்டார். அண்ணன் எல்லோரும் பார்க்கத் தன் கையாலேயே கம்பியைப் பிடுங்கினார். கடைசிக் கம்பி வரை நின்று பார்த்தேன்.

வீட்டில் அம்மா வீங்கிய முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் கரையில் போன வாரம் வழுக்கி விழுந்திருந்தாள்.

"கண்ணு, அது பொய்யின்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே தெரியும்மா" என்றேன், பெருமையாக.

அம்மா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சுத்தி நடந்திருக்க மாட்டனே."

எனக்கு அதற்கும் அண்ணன்மேல்தான் ஆத்திரம் வந்தது.