இருபத்திரண்டு மரம் நீளமுள்ள குகை

போன வாரம் கீரிப்பாறை பஸ்ஸில் ஒருவர் ஒட்டுப்பால் மூட்டையை என் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரப்பர் மரத்தின் வெட்டுவாயில் காய்ந்து பிடித்த பாலை உரித்துச் சேர்த்த மூட்டை. அந்த நாற்றம் அறியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முன் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ கௌஹாத்தி ஞாபகம் வந்துவிட்டது. ஒட்டுப்பாலுக்கும் கௌஹாத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். செல்வினுடைய பை இப்படித்தான் நாறும். கன்னியாகுமரியிலிருந்து அவ்வளவு தூரமும் ரயிலில் அந்தப் பைமேல் தலைவைத்துத்தான் தூங்கினேன்.

கீரிப்பாறையில் நான் கிளார்க்காக இருந்த ரப்பர் எஸ்டேட்டில் செல்வின் பால்வெட்டுத் தொழிலாளி. என் வயதுதான். ஆஜர் எடுக்கும்போது என்னை ‘சாரே’ என்பான். ஆபீஸ் வாசலைத் தாண்டினால் ‘மக்கா’. ஒருநாள் தேன் தேடிப் போனவன், எஸ்டேட்டுக்கு மேலே பாறைகள் சரிந்து கிடந்த இடத்தில் ஒரு குகையைக் கண்டுவிட்டான். உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்றான். அன்றிலிருந்து வேறு பேச்சே கிடையாது.

“நான் வெட்டுக மரம் எல்லாம் எவனோ நட்டது மக்கா. இது ஒண்ணுதான் நானா கண்டது. எங்கயாவது எழுதி வைக்கணும், கேட்டியா?”

வந்து பார் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டான். எனக்கு அட்டை என்றால் பயம், இருட்டென்றால் அதைவிடப் பயம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிராயச்சித்தம் போலத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். மேகாலயாவின் ஒரு மூலையில், மலையூர் ஒன்றில் குகைக்காரர்கள் எல்லாம் கூடுகிறார்கள், புதிய குகைகளைப் பதிவு செய்கிறார்கள் என்று இங்கிலீஷ் பேப்பரில் பார்த்திருந்தேன். ‘கன்னியாகுமரி மாவட்டத்தின் இரு குகை ஆய்வாளர்கள்’ என்று கூசாமல் எழுதினேன். வரச்சொல்லிப் பதில் வந்ததும் செல்வின் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

வழிக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டு போனோம். ஆந்திரா தாண்டுவதற்குள் அது புளித்து நூல்விட்டது. பிறகு நேந்திரங்காய் உப்பேரியும் ரயில் டீயும்தான். கௌஹாத்தியில் இறங்கி, மூன்று வண்டி மாறி, மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தோம். அங்கே வந்திருந்தவர்களிடம் விதவிதமான ஹெல்மெட், பூட்ஸ், கயிறு. செல்வினிடம் விடியுமுன் பால் வெட்டப் போகும்போது கட்டுகிற நெற்றி விளக்கு. அதை வாங்கி ஆளாளுக்குத் தலையில் மாட்டிப் பார்த்தார்கள். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை எஸ்டேட்டில் நான் கண்டதில்லை.

மறுநாள் எங்கள் முறை. பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் குகையின் வரைபடத்தைக் கேட்டாள். செல்வின் நாலாக மடித்த தாளை விரித்தான். அவள் நீளம் எத்தனை மீட்டர் என்றாள். மீட்டர் ஏது? ரப்பர் நடும்போது குழிக்கு இடம் குறிக்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று உண்டு, ஒரு முடிச்சுக்கு ஒரு மரம். அதைக் கொண்டுபோய்த்தான் அளந்திருக்கிறான். இருபத்திரண்டு மரம். குகைக்குப் போகும் வழியும் அப்படியே: மேல் பிளாக், ஏழாம் வரிசைக் கடைசி மரத்திலிருந்து ஏறினால் நாற்பது மரம், பிறகு வலது பக்கம் ஒன்பது மரம்.

பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. உள்ளே எப்படி இருக்கும் என்று அவள் கேட்டபோது, மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, சுவரில் ஒட்டியிருந்த அந்த ஊர்க் குகைப் படத்தைப் பார்த்தே அளந்துவிட்டேன். கூரையிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்கும் என்று இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் மலைப் பாறையில் சுண்ணாம்பு விழுது இறங்காது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடினாள். மீட்டரில் அளந்து, போட்டோவோடு அனுப்புங்கள், பிறகு பதிவு செய்கிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்ததும் செல்வின் கேட்டான். “அவகிட்ட என்னல சொன்ன?”

சொன்னேன்.

“பாக்காத எடத்தப் பத்தி எதுக்குல பொய் சொல்லுக? நான் கண்டது போதாதா?”

திரும்பும் ரயிலில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு டீயை நீட்டினான். “அடுத்த மாசம் நாம ரெண்டுவேரும் போவோம். நீ டேப்புக்க ஒரு நுனியப் புடிச்சா போதும். உள்ள வரண்டாம், வாசல்லயே நில்லு.”

அடுத்த மாதம் மழை. அதற்கடுத்து என் கல்யாணம். பிறகு எனக்கு நாகர்கோவிலில் வேறு வேலை. அவன் சவுதிக்குப் புறப்படுமுன் வரைபடத்தை என் கையில் தந்து, “லீவுல வந்ததும் போவோம்” என்றான். இரண்டு லீவுக்கு வந்தான். இரண்டு தடவையும் எனக்கு ஏதோ சாக்கு இருந்தது. என்ன சாக்கு என்று இப்போது யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது தடவை அவனைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். மாரடைப்பு.

போன வாரம் பஸ்ஸில் ஏறியதே வரைபடத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான். மேல் பிளாக்கில் பழைய மரங்கள் ஒன்றுகூட இல்லை. வயதான மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டிருக்கிறார்கள், வரிசையையே மாற்றி. ஏழாம் வரிசையை எங்கிருந்து எண்ணுவது? மேலே காடு புதர்மண்டிக் கிடந்தது. அட்டைகள் காலில் ஏற ஏற, மத்தியானம் வரை நடந்தேன். செல்வின், நீ கூப்பிட்டபோது வந்திருக்கலாமடா என்று வாய்விட்டே சொன்னேன்.

இறங்கி வரும்போது களை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “என்ன சார் தேடுதிய?”

“மேல ஒரு குகை உண்டு.”

“குகையா? நான் ஆறு வருசமா இங்க வேல பாக்கேன். அப்படி ஒண்ணும் கெடையாதே. நீங்க பாத்திருக்கியளா?”

“நான் பாக்கல. செல்வின் பாத்திருக்கான்.”

“அது யாரு?” என்று கேட்டார்.